முட்டையும் பச்சைச் சாயமும் எட்டு வாரமும்

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி தன் மாமனாரின் சளிப் பரிசோதனை முடிவை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். காலையில் கொடுத்த சளி, மதியமே முடிவு. கிருமி இருக்கிறது, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படும் என்று ஒரே தாளில் அச்சாகியிருந்தது. "மெஷினுக்குள்ள ரெண்டு மணி நேரம்தான் சார்" என்றான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு தடவை படித்தேன். என் உத்தியோக காலத்தில் இந்த இரண்டு வரியைச் சொல்ல எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும்.

உங்களில் பலருக்குத் தெரியும், நான் 1974 முதல் 2008 வரை ஒரு காசநோய் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தவன். எந்த ஊர், எந்தக் கூடம் என்பது வேண்டாம். பின்னால் ஒரு தவறைச் சொல்லப்போகிறேன், அது என் கை செய்த தவறு. அதற்கு முன்னால் இந்தக் கிருமியைக் கண்ணாடிக் குப்பியில் வளர்க்க மனிதர்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் முட்டை. எங்கள் வீட்டில் முட்டை என்ற பேச்சே கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கொடுத்த வேலை முட்டை கழுவுவது. ஏழு நாளுக்குள் இட்ட புது முட்டையாக இருக்க வேண்டும், கோழிக்கு ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் போட்டிருக்கக் கூடாது. பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, அலசி, ஸ்பிரிட்டில் கால் மணி நேரம் போட்டு, பிறகு ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். ஒரு லிட்டர் முட்டைக் கலவைக்கு 20 முதல் 25 முட்டை ஆகும். மாலை வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நிறுத்தி, "கிணத்தடிக்குப் போயிட்டு உள்ள வா" என்பாள். மைக்ராஸ்கோப், ஆராய்ச்சி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவளிடம் நான் முட்டை உடைக்கிறேன் என்று சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

சரி, ஏன் முட்டை?

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் உடலியல் சங்கக் கூட்டம் ஒன்றில் ராபர்ட் கோக் எழுந்து, காசநோய் ஒரு கிருமியால் வருகிறது என்று நிரூபித்துக் காட்டினார். மனிதர்களில் ஏழு பேருக்கு ஒருவர் இந்த நோயால் சாகிறார் என்ற கணக்கையும் அன்று சொன்னார். அந்தத் தேதியைத்தான் இன்று உலகக் காசநோய் நாள் என்று கொண்டாடுகிறோம். சாயம் ஏற்றிக் கிருமியைக் கண்ணுக்குக் காட்டியது பாதி வேலை. அதைத் தனியாக வளர்த்து, வளர்த்ததை விலங்குக்குச் செலுத்தி, அதே நோய் வருகிறது என்று காட்டியதுதான் மீதிப் பாதி. அந்தப் பாதியில்தான் கஷ்டம்.

அப்போது எல்லாரும் பயன்படுத்திய ஜெலட்டின், உடம்புச் சூட்டில் உருகித் தண்ணீராகிவிடும். இந்தக் கிருமியோ 37 டிகிரிச் சூடு இல்லாமல் வளராது. கோக் மாட்டின் ரத்தத்திலிருந்து தெளிந்த சீரத்தை எடுத்து, சோதனைக் குழாயைச் சாய்த்து வைத்து, ஏறத்தாழ 65 டிகிரியில் சூடாக்கிக் கட்டியாக்கினார். அதன் மேல் நோயுற்ற திசுவைத் தேய்த்து இன்குபேட்டரில் வைத்தார். முதல் வாரம் ஒன்றுமில்லை. வேறு எந்தக் கிருமியாக இருந்தாலும் மறுநாளே தெரிந்துவிடும். ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை என்றால் அந்தக் காலத்தில் குழாயைக் கழுவி வைத்துவிடுவார்கள். கோக் கழுவவில்லை. இரண்டாவது வாரத்தில் உலர்ந்த செதில் மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள் தோன்றின. என்னைக் கேட்டால் கோக்கின் மூளையைவிட அந்தப் பொறுமைக்குத்தான் நோபல் பரிசு கொடுத்திருக்க வேண்டும். 1905ல் கொடுத்தார்கள்.

அகர் என்ற பொருளும் அந்தக் கூடத்துக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. கோக்கிடம் வேலை பார்த்த ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபானி, வீட்டில் பழ ஜெல்லி செய்யப் பயன்படுத்திய கடல்பாசியை இதற்கும் போட்டுப் பாருங்கள் என்றார். ஜாவாவில் இருந்து வந்த குடும்ப நண்பர்களிடம் அவர் கற்றுக்கொண்ட சமையல் அது. நம் ஊரில் நோன்பு நாட்களில் பாய் வீடுகளில் செய்யும் கடல்பாசி இருக்கிறதே, அதுவேதான். உலகத்து நுண்ணுயிர் ஆய்வுக்கூடங்கள் எல்லாம் இன்றும் அந்த அம்மாளின் சமையலறையை நம்பித்தான் ஓடுகின்றன.

கோக் செய்த இன்னொரு காரியத்தின் அருமை எனக்கு வேலையில் பத்து வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அவர் நோயாளியின் சளியை நேரே குழாயில் போட்டு ஜெயிக்கவில்லை. நோய் கண்ட கினிப்பன்றியின் உள்ளுறுப்பைச் சுத்தமாகத் திறந்து, அங்கிருந்த கட்டியை எடுத்துத்தான் குழாயில் தேய்த்தார். சளி என்பது வாய், தொண்டை, மூக்கு என்று வழியில் இருக்கும் அத்தனை கிருமிகளையும் வாரிக்கொண்டு வருவது. சாதாரணக் கிருமி 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகும். காசநோய்க் கிருமி இரண்டாக 18 முதல் 24 மணி நேரம் ஆகும். இது ஒருமுறை பெருகுவதற்குள் அது 72 முறை பெருகிவிடும். பந்தியில் மெதுவாகச் சாப்பிடும் ஆளுக்கு இலையில் என்ன மிஞ்சும்? கினிப்பன்றியின் உடம்போ மற்ற கிருமிகளைத் தானே கொன்று தீர்த்துவிட்டு, தன்னால் கொல்ல முடியாத இந்த ஒன்றை மட்டும் பொறுக்கி வைத்துக் கொடுத்துவிடும். அதாவது இந்தக் கிருமிக்குக் கிடைத்த முதல் சல்லடை ஒரு விலங்கு. அதற்கு ஆறு வாரம் பிடிக்கும். விலங்கும் செத்துப் போகும்.

அதன் பிறகு ஐம்பது வருஷம் நடந்தது எல்லாம் இரண்டு தேடல். இதற்கு எது பிடிக்கும் என்பது ஒன்று. மற்றவற்றுக்கு எது பிடிக்காது என்பது இன்னொன்று.

பிடித்தது முதலில் கிடைத்தது. 1887ல் பாரிஸில் நொக்கார், ரூ என்ற இருவர், கிளிசரின் சேர்த்தால் இது செழித்து வளர்கிறது என்று கண்டார்கள். சர்க்கரையைத் தள்ளிவிட்டுக் கிளிசரினை விரும்பும் விசித்திரப் பிராணி! உருளைக்கிழங்குத் துண்டைக் கிளிசரினில் நனைத்து அதன் மேலும் வளர்த்தார்கள். பிரான்சின் லீல் நகரத்தில் கால்மெட், கெரான் இருவரும் 1908ல் கிருமி கட்டி கட்டியாகத் திரளாமல் இருக்க அந்த உருளைக்கிழங்கில் மாட்டுப் பித்தநீரையும் சேர்த்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுக் கிழங்குக்கு மாற்றி மாற்றி, முதல் உலகப் போர் நடுவிலும் விடாமல், 13 வருஷத்தில் 230 முறை மாற்றினார்கள். கட்டி தட்டாமல் இருக்கச் செய்த யோசனையில் கிருமி வீரியம் இழந்து, பி.சி.ஜி. ஊசியாகிவிட்டது. நம் பிள்ளைகளின் இடது தோளில் இருக்கும் தழும்பு அந்த உருளைக்கிழங்கின் தழும்பு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மேரியன் டார்செட், சீரத்துக்குப் பதில் கோழி முட்டையைக் கட்டியாக்கிப் பார்த்தார். மலிவு, எங்கும் கிடைக்கும், மஞ்சள் கருவில் கொழுப்பு வேண்டிய மட்டும் இருக்கிறது. அம்மாவின் கிணற்றடி உத்தரவுக்கு மூல காரணம் இந்த மனிதர்தான்.

பிடிக்காததைக் கண்டுபிடிப்பதுதான் வம்பு. காசநோய்க் கிருமியின் மேல் மெழுகு மாதிரி ஒரு தடித்த கொழுப்புப் போர்வை உண்டு. அது மெதுவாக வளர்வதும், சாயத்தைப் பிடித்துக்கொண்டு அமிலத்துக்கும் விட்டுக்கொடுக்காததும் அதனால்தான். மற்ற கிருமிகளைக் கொல்லும் கடுமையான காரத்தில் இது சிறிது நேரம் தாக்குப் பிடிக்கும். அந்தச் சிறிது நேரத்துக்குள் நம் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். 1915ல் பெட்ராஃப் என்பவர் இதை ஒழுங்கான முறையாக்கினார். பல்கேரியாவில் பிறந்து, அமெரிக்காவின் சாரனாக் லேக் சானடோரியத்துக்குக் காசநோயாளியாக வந்து, குணமாகி, அங்கேயே ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு அமர்ந்தவர். தன் நெஞ்சுக்குள் இருந்த சத்துருவைக் குழாயில் பிடித்தவர் என்று சொல்லலாம். சளியோடு சோடியம் ஹைட்ராக்சைடைக் கலந்து மற்றதைக் கொல்வது, மீந்த கொஞ்சத்தை அடக்க மீடியத்தில் ஜென்ஷியன் வயலெட் சாயம் சேர்ப்பது, இரண்டும் அவருடைய முறை. சின்ன வயசில் வாய்ப்புண்ணுக்குத் தடவுவார்களே, அந்த ஊதா மருந்துதான்.

பிறகு வியன்னாவின் லோவன்ஸ்டைன் சாயத்தை மாற்றி மலக்கைட் பச்சையும் காங்கோ சிவப்பும் போட்டார். கோபன்ஹேகனின் ஜென்சன் 1932ல் சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையின் அளவைச் சரிசெய்தார். இரண்டு பேர் பெயரையும் சேர்த்து எல்.ஜே. மீடியம். நாங்கள் போட்ட கணக்கு: ஒரு லிட்டர் முட்டைக்கு 600 மில்லி உப்புக் கரைசல், அதில் அஸ்பரஜின், கிளிசரின், 2 சதவீதப் பச்சைச் சாயம் 20 மில்லி. குப்பியில் ஊற்றிச் சாய்த்து வைத்து 85 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைத்தால், சீம்பால் திரண்டு கட்டியாவது போல வெளிர்பச்சையாய் உறைந்து நிற்கும். சந்தையில் பட்டாணிக்கு ஏற்றி ஏமாற்றுகிறார்களே, அதே பச்சைச் சாயம்தான். வாங்கும்போது வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள்.

இனி என் கதை.

நோயாளியின் சளிக்குச் சமமாக 4 சதவீதக் காரத்தை ஊற்றிக் குலுக்கி, 37 டிகிரியில் 15 முதல் 20 நிமிஷம் வைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, சுத்திகரித்த தண்ணீரில் கழுவி, மறுபடி சுற்றி, அடியில் தங்கியதை இரண்டு குப்பியில் போட வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், எட்டு வாரம். நல்ல கிருமி என்றால் மூன்றாம் வாரம், நாலாம் வாரம் ரொட்டித் தூளை உதிர்த்தது போல வெளிர்மஞ்சள் நிறத்தில் சொரசொரவென்று வரும். கழிவுக் கிருமி என்றால் இரண்டு மூன்று நாளிலேயே பச்சை கறுக்கும், இல்லாவிட்டால் முட்டையே கரைந்து ஓடும். அதைக் கன்டாமினேஷன் என்று நோட்டில் எழுதிவிட்டு நோயாளியிடம் மறுபடி சளி கேட்க வேண்டும். முப்பது மைல் பஸ்ஸில் வந்து இருமிக் கொடுத்த ஆளிடம், ஐயா உங்கள் சளி கெட்டுவிட்டது, இன்னொரு தடவை வாருங்கள் என்று சொல்வது எவ்வளவு சங்கடம் என்பது சொன்னவனுக்குத்தான் தெரியும்.

அதனால் எனக்குக் கன்டாமினேஷன் என்றாலே கோபம். 20 நிமிஷம் என்றால் நான் 30 நிமிஷம் வைப்பேன். 1979 வாக்கில் என் மேஜையில் மாதக் கணக்கு ஏறத்தாழ பூஜ்யம். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அந்த வருஷம் மேற்பார்வைக்கு வந்த மூத்த பாக்டீரியாலஜிஸ்ட் ஒருவர் என் நோட்டைப் புரட்டினார். பாராட்டப்போகிறார் என்று நின்றேன். "தம்பி, நூத்துக்கு ரெண்டு மூணு கூட கெடலியா? அப்ப உன் கை ரொம்பக் கடுமை. காரம் நல்லவன் கெட்டவன் பாக்காது" என்றார். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து கெட்டுப்போனால்தான் முறை சரியாக நடக்கிறது என்று அர்த்தமாம். அதற்கு மேல் போனால் காரம் போதவில்லை. ஒன்றுமே கெடவில்லை என்றால் பிடிக்க வேண்டியதையும் சேர்த்துக் கொன்றுகொண்டிருக்கிறோம். எவ்வளவு பதமாகச் செய்தாலும் காரம் காசநோய்க் கிருமியிலும் ஒரு பகுதியைக் கொல்லும். சளியில் கிருமி ஏராளமாக இருந்தால் அந்த இழப்பு தெரியாது. மைக்ராஸ்கோப்பில் தெரிய ஒரு மில்லியில் 5,000 முதல் 10,000 கிருமி வேண்டும். கல்ச்சருக்குப் பத்து, நூறு இருந்தாலே போதும். அந்தப் பத்து நூறுக்காகத்தானே இத்தனை முட்டையும். அதை நான் காரத்தில் கரைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனபின் நான் பழைய நோட்டை எடுத்தேன். நாலு மாதம் முன்னால் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த சிறு துண்டு வந்திருந்தது. நெசவுக்காரர் வீட்டுப் பெண், பத்தொன்பது வயது, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கட்டியில் எப்போதுமே கிருமி குறைவு. அதிலும் கத்தி வைத்துச் சுத்தமாக எடுத்த திசு. சளியைப் போல அதற்கு அவ்வளவு காரம் தேவையே இல்லை. அன்று கரண்ட் போய் சென்ட்ரிஃபியூஜ் நின்றது, குப்பி காரத்தோடு முக்கால் மணி நேரம் இருந்தது. கரண்ட் வந்ததும் ஒன்றும் நடக்காதது போல நான் வேலையைத் தொடர்ந்தேன். எட்டு வாரம் கழித்து 'வளர்ச்சி இல்லை' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கதையில் நம் சென்னைக்கு ஒரு பெரிய இடம் உண்டு. 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் சேர்ந்து நடத்தியது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளில் பாதிப்பேரை சானடோரியத்தில் வைத்தும் பாதிப்பேரை வீட்டிலேயே வைத்தும் ஒரே மாத்திரையை ஒரு வருஷம் கொடுத்தார்கள். பால், முட்டை, ஓய்வு, நல்ல காற்று என்று இருந்தவர்களுக்கும், குடிசையில் கிடைத்ததைச் சாப்பிட்டவர்களுக்கும் முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959ல் அறிவித்தார்கள். உலகமெங்கும் சானடோரியங்கள் காலியாக ஆரம்பித்தன. 1928ல் சௌரி முத்து தொடங்கிய நம் தாம்பரம் சானடோரியத்தின் பெயர் ரயில் நிலையத்தில் மட்டும் இன்னும் நிற்கிறது.

இந்த முடிவை எதை வைத்துச் சொன்னார்கள்? எக்ஸ்ரேயை மட்டும் நம்பியா? இல்லை. மாதாமாதம் சளியை வளர்த்துப் பார்த்து, கிருமி இருக்கிறதா போய்விட்டதா என்பதை வைத்து. அதாவது உலகத்தையே மாற்றிய அந்த ஆராய்ச்சி, யாரோ சிலர் உட்கார்ந்து முட்டை உடைத்துச் சாய்த்து வைத்த குப்பிகளின் மேல் நின்றது. புத்தகங்களில் டாக்டர்கள் பெயர் இருக்கும், குப்பி கழுவினவர்கள் பெயர் இருக்காது. போகட்டும்.

அங்கே இன்னொரு விசித்திரமும் வெளிப்பட்டது. டெனிஸ் மிச்சிசனும் மற்றவர்களும் தென்னிந்திய நோயாளிகளின் கிருமியைக் கினிப்பன்றிக்குச் செலுத்திப் பார்த்தபோது, அதில் பல, விலங்கைப் பெரிதாக வாட்டவில்லை. பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமி வாட்டியது. 1960ல் இது வெளியாயிற்று. நம் நோயாளி ரத்தம் கக்கிக்கொண்டிருப்பார், அவருடைய கிருமியை வாங்கிய கினிப்பன்றி சாவகாசமாகக் கோஸ் தின்றுகொண்டிருக்கும். கோக்கின் சல்லடை நம் ஊரில் ஓட்டையாகிவிட்டது. நமக்குக் குப்பியை விட்டால் நாதியில்லை.

காரத்தின் கடுமைக்கு மாற்று ஆன்டிபயாடிக் காலத்தில் வந்தது. பெனிசிலின் வகைகள் இந்தக் கிருமியை அவ்வளவாகத் தொடுவதில்லை. அப்படியென்றால் அவற்றை மீடியத்திலேயே கலந்துவிட்டால் என்ன? 1972ல் மிச்சிசன் குழுவினர் பாலிமிக்சின், கார்பெனிசிலின், டிரைமெத்தோபிரிம், பூஞ்சைக்கு ஆம்ஃபோடெரிசின் என்று நாலு மருந்தைக் கலந்து வெளியிட்டார்கள். வாசலில் காவலுக்கு ஆள் போட்டாயிற்று. இனி வீட்டுக்காரனையும் சேர்த்து அடிக்க வேண்டியதில்லை. 1983ல் கட்டி, சிறுநீர் போன்ற கிருமி குறைந்த மாதிரிகளுக்கு இதே மருந்துகளோடு கிர்ஷ்னர் என்ற திரவ மீடியம் வந்தது. படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாலு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா!

திரவத்தில் வளர்ப்பது அமெரிக்காவில் 1940களிலேயே ரெனே டூபோஸ் செய்ததுதான். சோப்பு போன்ற ட்வீன் 80 என்ற பொருளைச் சேர்த்து, கட்டி தட்டாமல் கலங்கலாக வளர்த்தார். 1942ல் அவருடைய மனைவி காசநோயில் இறந்தார். அதன் பிறகு அவர் அந்தக் கிருமியை விடவேயில்லை. அந்த வழியில் வந்ததுதான் என் கடைசி வருஷங்களில் நான் பார்த்த எம்.ஜி.ஐ.டி. குழாய். அதற்குள்ளும் ஐந்து மருந்துக் காவல். கிருமி பிராணவாயுவைத் தின்னத் தின்ன அடியில் இருக்கும் பொருள் ஒளிரும், மெஷின் கண்டுபிடித்துச் சொல்லும். 42 நாளில் முடிவு இல்லை என்றால் இல்லை. முட்டை நாற்றமே கிடையாது. அம்மா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

அந்தப் பெண் விஷயம். 'வளர்ச்சி இல்லை' என்ற என் காகிதத்தை நம்பி வெளியூர் ஆஸ்பத்திரியில் சாதாரணக் கட்டி என்று விட்டுவிட்டார்கள். நான் விசாரித்தபோது கட்டி உடைந்து சீழ் வடிகிறது, கல்யாணம் நின்றுவிட்டது என்றார்கள். மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, மறுபடி மாதிரி எடுத்து வா என்றார். நானே பஸ்ஸில் போய்ச் சீழை எடுத்து வந்தேன். ஒரு பாகத்துக்குக் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் காரம், இன்னொரு பாகத்துக்குக் காரமே இல்லாமல் நேரே குப்பியில். காரமில்லாதது மூன்றாம் நாளே கெட்டது. மற்றதை ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஜன்னலோரம் எடுத்துச் சென்று பார்த்தேன். ஐந்தாவது திங்கட்கிழமை பச்சையின் மேல் மூன்று புள்ளி, ரொட்டித் தூள் மாதிரி. அன்றே தந்தி கொடுத்தோம், சிகிச்சை ஆரம்பித்தது, நீண்ட சிகிச்சைக்குப் பிறகு புண் ஆறியது. கழுத்தில் தழும்பு நின்றுவிட்டது.

வேலை முடிந்த குப்பியை ஆட்டோகிளேவில் போட்டுக் கழுவ வேண்டும் என்பது விதி. அந்த ஒன்றை மட்டும் நான் இரண்டு மாதம் ரேக்கின் ஓரத்தில் வைத்திருந்தேன். பிறகு கழுவினேன். மறுநாள் அதில் வேறு யாருக்கோ முட்டை ஊற்றினோம்.